ஆள் நிறைந்த வீட்டுக்கு ஃபர்னஸ் எதற்கு?

வணக்கம் நேயர்களே. போன வருடம் நத்தாருக்கு முதல் சனிக்கிழமை, ரொறொன்ரோ ஸ்காபரோவில் ஒரு வீட்டுக்கு, வீட்டைச் சூடாக்குகிற ஃபர்னஸைப் பார்க்கப் போனேன். "அண்ணை, இது நிற்காமல் ஓடுது, பழுதாப் போச்சுது" என்று போனில் சொல்லியிருந்தார்கள். போய்ப் பார்த்தால் ஃபர்னஸில் ஒரு பிழையும் இல்லை. குசினியில் அக்கா மட்டன் ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தார். மணம் வீட்டில் தங்கக்கூடாதென்று யன்னல் ஒரு சாண் திறந்திருந்தது. அடுப்புக்கு மேலே ஃபான் முழு வேகத்தில். வெளியே மைனஸ் 12. கீழே சுடவைக்கிற காற்றையெல்லாம் மேலே ஃபான் உறிஞ்சித் தெருவில் விட, அந்த இடத்துக்கு யன்னலால் குளிர்காற்று வந்துகொண்டிருந்தது. ஃபர்னஸ் பாவம், ஓடாமல் என்ன செய்யும்? யன்னலைச் சாத்திவிட்டு, பொரித்து முடிந்ததும் ஃபானை நிறுத்தச் சொன்னேன். வேலை முடிந்தது. இரண்டு ரோல்ஸும் கிடைத்தன.

விடுமுறைக் காலத்தில் சிக்கனம் என்றால் நம்மவர்களுக்கு உடனே கண் போவது வாசலில் தொங்கும் கலர் லைற்றில்தான். பழைய குண்டு பல்ப் மாலையாக இருந்தால் சரி, அதைப் பற்றிப் பேசலாம். ஒரு பல்புக்கு 5 வாற்ஸ், 25 பல்பு உள்ள மாலை ஐந்து. பொழுதுபட்ட பிறகு ஆறு மணி நேரம் எரிந்தால் நாளுக்குக் கிட்டத்தட்ட நாலு யூனிற். எல்ஈடி மாலையாக மாற்றினால் அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. மாற்றிவிட்டீர்களா? அப்படியென்றால் லைற்றை மறந்துவிடுங்கள், பிள்ளைகள் பார்த்துச் சந்தோசப்படட்டும். கனடாவில் ஒரு வீடு செலவழிக்கிற சக்தியில் பாதிக்கு மேல் வீட்டைச் சூடாக்கத்தான் போகிறது. அடுத்த இடம் சுடுதண்ணிக்கு.

அதனால்தான் பார்ட்டி வைக்கிறவர்களிடம் ஒன்று சொல்லுவேன். சும்மா உட்கார்ந்திருக்கிற ஒரு மனிதரின் உடம்பு ஏறத்தாழ 100 வாற்ஸ் சூட்டை வெளியே விடுகிறது. முப்பது பேர் வந்தால் 3000 வாற்ஸ். கடையில் வாங்கும் சின்ன ஹீற்றர் இரண்டு முழுதாக ஓடுகிற மாதிரி. பைலா போட்டு ஆடத் தொடங்கினால் இன்னும் கூட. ஆட்கள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே தெர்மோஸ்டாட்டை 18க்கு இறக்கிவிடுங்கள். இறக்காமல் விட்டால் ஒன்பது மணிக்கு மாமா ஒருவர் வேர்த்து ஒழுக எழும்பிப் பின்கதவைத் திறப்பார். நான் பார்க்காத வீடா!

இன்னொரு பழக்கம் எனக்குக் கோபத்தையே வரவழைக்கும். வெளியே போய்விட்டு வந்ததும் வீடு கெதியாகச் சூடாகட்டும் என்று 28க்கு ஏற்றுவது. சாதாரண ஃபர்னஸுக்கு 28ம் ஒன்றுதான், 20ம் ஒன்றுதான். அது தன் வேகத்தில்தான் சூடாக்கும். நீங்கள் மறந்துபோய் நித்திரையானால் 28 வரும்வரை ஓடும், அவ்வளவுதான்.

காற்று எங்கே புகுகிறது என்று கண்டுபிடிக்க மெஷின் ஒன்றும் தேவையில்லை. சாமித்தட்டில் இருக்கிற ஊதுபத்தி போதும். நல்ல காற்று அடிக்கிற நாளில், ஃபானெல்லாம் நிறுத்திவிட்டு, ஒன்றைக் கொளுத்தி யன்னல் ஓரமாக மெல்லக் கொண்டுபோங்கள்; திரைச்சீலை கவனம். புகை நேராக மேலே போனால் நல்லது. சரிந்தால், நடுங்கினால், அந்த இடத்தில் நீக்கல் இருக்கிறது. முன்கதவின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். எங்கள் வீட்டில் கடிதம் போடுகிற துவாரத்தடியில் புகை அப்படியே படுத்துவிட்டது. பத்து வருடமாக நான் அதைக் கவனிக்கவில்லை, ஊரெல்லாம் ஃபர்னஸ் பார்க்கிறவன்!

இனி ஹைட்ரோ பில், அதாவது கரண்ட் பில். இங்கே ஒன்ராறியோவில் நேரத்துக்கு ஒரு விலை என்ற திட்டத்தில் இருப்பவர்களுக்குக் குளிர்காலத்தில் வார நாட்களில் காலை 7 முதல் 11, மாலை 5 முதல் 7 வரை விலை கூட. இரவு 7க்குப் பிறகு அதில் ஏறத்தாழ பாதி. நத்தாரும் மறுநாளும் புதுவருடமும் சனி ஞாயிறு மாதிரியே, நாள் முழுக்க மலிவு. உடுப்புத் தோய்க்கிறது, காயவைக்கிறது எல்லாவற்றையும் அந்த நாட்களுக்குத் தள்ளலாம். ஆனால் அம்மம்மாவும் பேரப்பிள்ளைகளும் பகல் முழுக்க வீட்டில் இருந்தால் அடுக்கு விலைத் திட்டம் லாபமாக இருக்கக்கூடும். அதில் குளிர்கால மாதமொன்றில் முதல் 1000 யூனிற்றுக்கு விலை குறைவு, நேரக் கணக்கு இல்லை. பழைய பில்லை எடுத்து வைத்து ஒருமுறை கணக்குப் பாருங்கள்.

ஊருக்குப் போகிறவர்களுக்கு: ஃபர்னஸை அடியோடு நிறுத்திவிட்டுப் போகவேண்டாம். எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படிச் செய்து, திரும்பி வந்தபோது குழாய் உறைந்து வெடித்து, பேஸ்மென்டில் கணுக்காலளவு தண்ணி. 15இல் விடுங்கள், வீட்டுக்கு வருகிற தண்ணி வால்வைப் பூட்டுங்கள், பக்கத்து வீட்டில் ஒரு திறப்பைக் கொடுங்கள்.

போன கிழமை ஒரு அம்மா கேட்டார்: "தைப்பொங்கல் வார நாளில் வந்தால் விலை கூடின நேரத்திலதானே பொங்கவேணும், தம்பி?" உண்மைதான். இங்கே ஜனவரி நடுவில் சூரியன் எழும்ப ஏழே முக்கால் ஆகும். ஒரு பானை பொங்க ஒன்றிரண்டு யூனிற் போகும், அவ்வளவுதான். பொங்குங்கோ அம்மா. யன்னலை மட்டும் திறக்கவேண்டாம்.

நன்றி, வணக்கம்.