தொடை வழியே இதயத்துக்கு ஒரு பம்ப்

நேயர்களுக்கு வணக்கம். வேலூர்ப் பக்கம் ஆஞ்சியோ என்ற சொல்லை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இந்தியாவில் நெஞ்சறை அறுவைச் சிகிச்சைக்குத் தனித்துறை முளைத்த ஊர்களில் இது முந்தியது. 1940களின் கடைசியில் அமெரிக்க அறுவை மருத்துவர் ரீவ் பெட்ஸ் இங்கே சி.எம்.சி. மருத்துவமனையில் அதைத் தொடங்கினார். குடியாத்தத்திலோ ஆம்பூரிலோ எந்தத் தெருவில் கேட்டாலும், தொடையிலோ மணிக்கட்டிலோ குழாய் விட்டு இதய ரத்தக்குழாயைப் பார்த்துக்கொண்டு வந்தவர் ஒருவராவது இருப்பார். அந்தக் குழாய்க்குப் பெயர் கதீட்டர். அதை வடிவமைப்பதுதான் என் வேலை.

சாதாரண ஆஞ்சியோ கதீட்டர் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் தடிமன். நான் சொல்ல வந்தது அதைவிடப் பெரிய ஒன்று. கடுமையான மாரடைப்பில் சிலருக்கு இதயம் ரத்தத்தைத் தள்ளும் வலுவையே இழந்துவிடும். பிரஷர் இறங்கும், கைகால் சில்லிடும், சிறுநீர் நின்றுபோகும். கார்டியோஜெனிக் ஷாக் என்பார்கள். அந்த நேரத்தில் நெஞ்சைத் திறக்காமல், தொடைத் தமனி வழியாகவே ஒரு சின்ன பம்பை இதயத்தின் இடது கீழறை வரை அனுப்பி, இதயத்தின் வேலையில் ஒரு பங்கை அதனிடம் கொடுக்கலாம்.

இதற்கு முன்பே, இதே உதவிக்காக ஒரு பலூன் வந்துவிட்டது. 1967ல் நியூயார்க்கில் அட்ரியன் கான்ட்ரோவிட்ஸ் அதை முதலில் நோயாளிக்குப் பயன்படுத்தினார். மகாதமனிக்குள் பலூன் ஒவ்வொரு துடிப்புக்கும் ஊதிச் சுருங்கும். மெல்லிய குழாய்க்குள் சட்டென்று போய்வர வேண்டும் என்பதால் அதில் ஹீலியம் வாயு. ஆனால் 2012ல் வெளிவந்த 600 பேர் மீதான ஜெர்மன் ஆய்வில், மாரடைப்பு ஷாக்கில் பலூன் வைத்தவர்களுக்கும் வைக்காதவர்களுக்கும் 30 நாள் இறப்பில் வித்தியாசம் தெரியவில்லை.

பம்பின் கதை வேறு. ரிச்சர்ட் வாம்ப்ளர் என்ற அமெரிக்க மருத்துவர் 1976ல் எகிப்தில் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தார். அங்கே திருகுக் குழாயைச் சுழற்றி ஆற்று நீரை ஏற்றுவதைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனை பிறந்தது. அவருடைய ஹீமோபம்ப் 1988ல் ஹூஸ்டனில் முதன்முதலாக மனிதருக்கு வைக்கப்பட்டது. மோட்டார் உடம்புக்கு வெளியே. நீளமான வளையும் கம்பி ஒன்று குழாய்க்குள் நிமிடத்துக்கு 25,000 சுற்று சுழன்று விசிறியை ஓட்டும். கம்பி அறுந்துபோவது பெரிய தொல்லை. பிறகு வந்த இம்பெல்லா என்ற பம்பில் மோட்டாரே குழாயின் நுனிக்குப் போய்விட்டது. பாலாற்றங்கரை விவசாயிகளுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை: நம் போர்வெல்லில் மோட்டாரும் பம்பும் சேர்ந்து குழிக்குள் இறங்கும் அதே ஏற்பாடுதான்.

அப்புறம் குழாய்க்கு என்ன வேலை என்று கேட்கலாம். இனிதான் நிறைய வேலை. மின்கம்பி அதற்குள் போக வேண்டும், அழுத்தம் அளக்கும் இழை போக வேண்டும், மோட்டாருக்குள் ரத்தம் புகாமல் எதிர்த்துத் தள்ளும் குளுக்கோஸ் நீரும் தனிப் பாதையில் போக வேண்டும். ஒரு கதீட்டரைக் குறுக்கே வெட்டி உருப்பெருக்கியில் பாருங்கள். உள்ளே வழுக்கலான டெஃப்லான் படலம். அதன் மேல் முடியைவிட மெல்லிய எஃகுக் கம்பிகளால் பின்னிய வலை. அதற்கும் மேல் பிளாஸ்டிக் உறை. கைப்பிடிப் பக்கம் உறை கெட்டி; நுனிப் பக்கம் படிப்படியாக மென்மையாகும். டாக்டர் இங்கே திருப்பினால் நுனி அங்கே திரும்ப வேண்டும். வளைவில் மடிந்தும் விடக் கூடாது. ரத்தக்குழாயின் சுவரைக் கீறவும் கூடாது. உறையைக் கெட்டியாக்கினால் கீறும், மென்மையாக்கினால் மடியும். எங்கள் நாளெல்லாம் இந்த இழுபறியில்தான் போகிறது.

ஆனால் உண்மையான சண்டை தொடையில். இம்பெல்லாவில் சிபி என்ற ரகப் பம்பின் தடிமன் 14 பிரெஞ்ச். மூன்று பிரெஞ்ச் ஒரு மில்லிமீட்டர் என்பதால் இது சுமார் 4.7 மில்லிமீட்டர். சிறிய உடல்வாகுள்ள ஒரு பெண்ணின் தொடைத் தமனி 6 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் குறுக்குப் பரப்பில் ஐந்தில் மூன்று பங்கு அடைபட்டுவிடும். பம்ப் நுழையும் உறைக்குழாய் அதைவிடவும் தடிமன். பம்ப் உள்ளே போனதும் அந்த உறையைக் கிழித்து எடுத்துவிட்டு 9 பிரெஞ்ச், அதாவது 3 மில்லிமீட்டர் தண்டை மட்டும் விட்டால் அடைப்பு கால் பங்காகக் குறையும். சர்க்கரை வியாதியால் சுண்ணாம்பு படிந்த தமனி என்றால் அந்தக் கணக்கும் உதவாது.

மாரடைப்பு ஷாக்கில் இந்தப் பம்பைச் சோதித்து 2024ல் வந்த டேன்ஜர் ஷாக் ஆய்வு எனக்கு மிக முக்கியமானது. பம்ப் வைத்தவர்களில் 180 நாளில் இறந்தவர்கள் 45.8 சதவீதம், வைக்காதவர்களில் 58.5. பெரிய லாபம், சந்தேகமில்லை. ஆனால் காலுக்கு ரத்தம் போகாமல் தவித்தவர்கள் 5.6 சதவீதம்; மறுபக்கம் 1.1 மட்டுமே. இதயத்தைக் காப்பாற்றும் கருவி காலைப் பலி கேட்கக் கூடாது. அதனால்தான் நுழையும்போது 9 பிரெஞ்சாகச் சுருங்கியிருந்து, உள்ளே போனதும் விரியும் பம்புகளைச் செய்துபார்க்கிறார்கள். நிட்டினால் என்ற உலோகம் மடக்கினாலும் பழைய வடிவத்துக்குத் திரும்பும். அதை நம்பித்தான் இந்த முயற்சி. நம் ஊர்ப் பொறியியல் மாணவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: பம்பிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். நம் மக்களின் தொடைத் தமனியை ஸ்கேனில் அளந்து, அந்த அளவிலிருந்து ஆரம்பியுங்கள்.

ஐசியூவில் உறவினருக்கு இந்தப் பம்ப் வைத்திருந்தால், பார்க்க விடும் நேரத்தில் குழாய் போட்ட காலைக் கவனியுங்கள். கால் வெளுத்தோ சில்லென்றோ இருந்தாலும், மரத்துப்போகிறது, வலிக்கிறது என்று அவர் சொன்னாலும், டாக்டர் ரவுண்ட்ஸ் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்த நிமிடமே நர்ஸிடம் சொல்லுங்கள். கட்டிலருகே தொங்கும் பையில் சேரும் சிறுநீர் கறுஞ்சிவப்பாக மாறினாலும் சொல்லுங்கள். விசிறியில் ரத்த அணுக்கள் உடைவதன் அடையாளமாக அது இருக்கலாம். வணக்கம்.