ஓடினால் நுரையீரல் பெரிதாகுமா? காசிமேட்டிலிருந்து

வணக்கம் மக்களே, காசிமேட்டில் மீன் ஏலம் நடக்கிற நேரம், பின்னால் ஐஸ் உடைக்கிற சத்தம் கேட்கும், கொஞ்சம் பொறுத்துக்கோங்க. மூன்று மாதம் முன்னால் ஸ்பைரோமெட்ரி எடுத்தேன், அதாவது மூச்சை நன்றாக இழுத்து எவ்வளவு காற்றை ஊதித் தள்ள முடிகிறது என்று அளக்கும் சோதனை. மூக்கில் கிளிப்பை மாட்டி, வாயில் ஒரு குழாயைக் கொடுத்து, சோதனை எடுக்கிற அக்கா "ஊது, ஊது, விடாதே, இன்னும் ஊது" என்று கத்துவார், கண்ணில் தண்ணீரே வந்துவிடும். அன்றைக்கு 3.9 லிட்டர். அப்புறம் வாரம் ஐந்து நாள், அரை மணி நேரம் ஓட்டம். நேற்று மறுபடி ஊதினேன், 4 லிட்டர்.

நூறு மில்லி ஏறிவிட்டதென்று எனக்கு ஒரே குஷி. அக்கா சிரித்துவிட்டார். "ஒரே நாளில் அடுத்தடுத்து ஊதினாலே 150 மில்லி வரை முன்னே பின்னே வரும் தம்பி." போச்சு.

ஆனால் ஒன்று, தண்ணீர்க் குடத்தோடு ஹவுசிங் போர்டு மூன்றாவது மாடி ஏறினால் முன்பெல்லாம் நாய் மாதிரி இரைக்கும், இப்போது போன் பேசிக்கொண்டே ஏறுகிறேன். நுரையீரலின் கொள்ளளவு 20, 25 வயதில் உச்சத்துக்கு வந்துவிடும், அதற்குமேல் ஓடிப் பெரிதாக்க முடியாது. மாறுவது மற்றதெல்லாம்தான். இதயம் ஒரு துடிப்புக்குத் தள்ளும் ரத்தம் கூடுகிறது, கால் தசை ஆக்சிஜனை நன்றாக எடுத்துக்கொள்கிறது, அதனால் அதே வேலைக்குக் குறைந்த மூச்சே போதும். நுரையீரலுக்குக் கீழே மூச்சை இழுக்க உதவும் உதரவிதானமும் தசைதானே, பழகப் பழக அதுவும் சீக்கிரம் சோர்வதில்லை. சின்ன வயதிலிருந்தே நீச்சலடிப்பவர்களுக்கு நுரையீரல் பெரிதாக இருக்கிறது, அது வேறு கதை.

நம்ம ஏரியாவுக்கு முக்கியமான விஷயம் இது. சும்மா உட்கார்ந்திருந்தால் நிமிடத்துக்கு ஆறேழு லிட்டர் காற்று இழுக்கிறோம், முழு வேகத்தில் ஓடினால் நூறு லிட்டரைக்கூடத் தாண்டும். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி வரிசை கட்டி நிற்கும்போது அதன் பக்கத்திலேயே ஓடினால் அந்தப் புகையும் அதே கணக்கில் உள்ளே போகும். நான் கடல் பக்கம் ஒதுங்கிவிடுவேன். விடிகாலைக் காற்று சுத்தம் என்பதையும் அப்படியே நம்பாதீர்கள், பனிக்காலத்தில் புகை தரையோடு தங்கிவிடும், போகி அன்று ஷூவைத் தொடவே மாட்டேன். வீசிங் இருக்கிறவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

சரி, வஞ்சிரம் விலை இறங்கிவிட்டதாம், அம்மா போன் அடிக்கிறாங்க, கேமராவை மூடுறேன்.