பாவக் கணக்கில் பாதிக்கப்பட்டவர் எங்கே?

[திரையில்: பெயருக்கும் தேதிக்கும் இடம் விட்டு அச்சிட்ட பழைய லத்தீன் சீட்டு]

பாவமன்னிப்புச் சீட்டு பற்றிப் பள்ளி வரலாற்றில் எல்லோரும் படித்திருப்போம். போப் காசுக்கு மன்னிப்பு விற்றார், மார்ட்டின் லூத்தர் எதிர்த்தார், திருச்சபை பிளந்தது. பேராசை பிடித்த சிலர் நல்ல கருத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்று பாடம் முடிந்துவிடும்.

எங்களுக்கு அதில் உடன்பாடு இல்லை. பாவம் என்ற கருத்துக்குள்ளேயே ஒரு கணக்கு முறை இருக்கிறது. அது நூற்றாண்டு நூற்றாண்டாக வளர்ந்து போய்ச் சேர்ந்த இடம்தான் அந்தச் சீட்டு. எப்படி என்று படிப்படியாகப் பார்ப்போம்.

[திரையில்: அயர்லாந்து வரைபடம்]

6, 7-ஆம் நூற்றாண்டுகளில் அயர்லாந்து மடங்களில் ஃபினியன், கொலம்பானுஸ், கம்மியன் ஆகிய துறவிகளின் பெயரில் கையேடுகள் வந்தன. பாவசங்கீர்த்தனம், அதாவது பாவங்களைக் குருவிடம் சொல்லி மன்னிப்புக் கேட்பதை, கேட்கும் குரு வைத்துக்கொள்ள வேண்டிய பட்டியல் அது. இந்தப் பாவத்துக்கு ரொட்டியும் தண்ணீரும் மட்டும் இத்தனை நாள், இன்னொன்றுக்கு இத்தனை வருடம். செய்தவர் துறவியா, இல்லறத்தாரா என்பதைப் பொறுத்துத் தண்டனை மாறும்.

பாவத்தை நாளால் அளக்கத் தொடங்கியதுமே அந்த நாட்களை வேறொன்றாக மாற்றவும் வழி பிறந்தது. உண்ணாவிரதம் இருக்க முடியாதவர் பைபிளின் சங்கீதங்களை ஓதலாம் என்றார்கள். அடுத்து, ஒருவருக்காக இன்னொருவர் பட்டினி கிடக்கலாம் என்றார்கள்.

[திரையில்: 12 × 3 = 36; 7 × 120 × 3 = 2,520; மொத்தம் 2,556]

இந்தக் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். நார்மன் படையெடுப்புக்கு முந்தைய இங்கிலாந்தில் எழுதப்பட்ட ஒரு பழைய ஆங்கிலக் கையேட்டில் வருவது இது. ஏழு ஆண்டு விரதம் விதிக்கப்பட்ட பெரிய மனிதர் அதை மூன்றே நாளில் முடிக்கலாம். முதலில் 12 பேர் அவருக்காக மூன்று நாள் ரொட்டி, கீரை, தண்ணீரோடு இருக்க வேண்டும். பிறகு 120 பேர் கொண்ட ஏழு கூட்டங்கள் அதே மூன்று நாள். கூட்டினால் 2,556. லீப் ஆண்டின் ஒரு நாளையும் சேர்த்தால் ஏழு ஆண்டுகளின் நாட்கள் அத்தனைதான். அவரும் ஆயுதத்தை இறக்கிவைத்து வெறுங்காலோடு நடக்க வேண்டும் என்கிறது கையேடு, அதையும் சொல்லிவிடுகிறோம்.

கூட்டலில் பிழையே இல்லை. ஆனால் அந்தப் பெரிய மனிதரால் அடிபட்டவர், நிலத்தை இழந்தவர் யாரோ, அவருக்கு இந்தக் கணக்கில் ஒரு வரிகூட இல்லை. எங்கள் விமர்சனத்தின் மையம் இதுதான். ஒரு மனிதருக்குச் செய்த தீங்கு கடவுளிடம் பட்ட கடனாக மாறுகிறது. கடனை வசூலிப்பவரும் தள்ளுபடி செய்பவரும் இடையில் நிற்கும் நிறுவனம்.

அடுத்த படிகளை வேகமாகக் கடந்துவிடலாம். 1095-இல் சிலுவைப் போருக்குப் போகிறவர்களுக்கு, அந்தப் பயணமே தவம் முழுவதற்கும் ஈடு என்று அறிவித்தார் போப் இரண்டாம் உர்பான். 1343-இல் ஆறாம் கிளமென்ட், கிறிஸ்துவும் புனிதர்களும் ஈட்டிய புண்ணியம் திருச்சபையிடம் கருவூலமாக இருக்கிறது என்றார். 1476-இல் நான்காம் சிக்ஸ்டஸ் அந்தக் கருவூலத்தை உத்தரிக்கிற ஸ்தலத்தில், அதாவது மோட்சத்துக்கு முன் மிஞ்சிய தண்டனையை அனுபவிக்கும் இடத்தில், இருக்கும் ஆன்மாக்களுக்கும் திறந்துவிட்டார். அதாவது கடன்பட்டவர் இறந்த பிறகும் வேறொருவர் அவருக்காகச் செலுத்தலாம்.

ஒன்றைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். கத்தோலிக்க இறையியலின்படி இந்தச் சீட்டால் கிடைக்கும் பலன் குற்றத்தை நீக்குவதில்லை. குற்றத்தைப் பாவசங்கீர்த்தனம் நீக்கிய பிறகும் மிஞ்சியிருக்கும் தண்டனையைத்தான் குறைக்கிறது. “நரகத்திலிருந்து தப்பிக்க டிக்கெட்” என்று சொல்பவர்கள் இந்த இடத்தில் தவறுகிறார்கள்.

[திரையில்: மைன்ஸ், ஆக்ஸ்பர்க், ரோம் இடையே பணம் போகும் அம்புக்குறிகள்]

இப்போது 1515. ஜெர்மனியின் பிராண்டன்பர்க் குடும்பத்து ஆல்பிரெக்ட் ஏற்கெனவே மாக்டபர்க் பேராயர். 1514-இல், 24 வயதில், மைன்ஸ் பேராயர் பதவியும் கிடைத்தது. அதற்காக ரோமுக்குக் கட்ட வேண்டிய பெரும் தொகையை ஆக்ஸ்பர்க் நகரத்து ஃபுக்கர் வங்கியில் கடன் வாங்கினார். போப் பத்தாம் லியோ அவருக்குப் பாவமன்னிப்புச் சீட்டு விற்பனை உரிமை கொடுத்தார். வசூலில் பாதி ரோமில் புனித பேதுரு ஆலயம் கட்ட, மறுபாதி ஃபுக்கர் கடனுக்கு.

விற்பனையாளர்களுக்கு ஆல்பிரெக்ட் பெயரில் எழுத்துமூலமான அறிவுரை தரப்பட்டது. அரசர்கள், பேராயர்கள், ஆயர்களுக்கு 25 ரைன் பொற்குல்டன், அதாவது ஜெர்மன் தங்க நாணயம். மடாதிபதிகள், பிரபுக்களுக்கு 10. அதற்குக் கீழே 6, 3, 1, அரை எனக் குறைந்துகொண்டே போகும். கையில் காசே இல்லாதவர் ஜெபமும் உபவாசமும் செய்தால் போதும். ஏழைக்கும் வழி வைத்தது நியாயம்தான். ஆனால் தொகை எதைப் பொறுத்து மாறுகிறது என்று கவனியுங்கள். கட்டுபவரின் அந்தஸ்தும் வருமானமும்தான் அளவுகோல். யாருக்கு எவ்வளவு சேதம் என்ற கேள்வி அதில் எழவே இல்லை. இறந்தவர்களுக்காகக் காசு போடுகிறவர் மனம் வருந்தியிருக்க வேண்டும் என்றோ பாவசங்கீர்த்தனம் செய்திருக்க வேண்டும் என்றோ அவசியமில்லை என்றும் அந்த அறிவுரையே சொல்கிறது.

யாருக்கும் தீங்கு செய்யாத செயல்களும் இதே கணக்கில்தான் ஏறின. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் வெண்ணெய் சாப்பிடுவது பாவம். காணிக்கை கொடுத்து அனுமதி வாங்கலாம். பிரான்ஸின் ருவான் பேராலயத்தில் ஒரு கோபுரத்துக்கு வெண்ணெய்க் கோபுரம் என்ற பெயர் வந்தது அந்தக் காணிக்கைப் பணத்தால்தான் என்பார்கள்.

1517-இல் லூத்தர் எழுதிய 95 வாதங்களில் 82-ஆவது நேராகக் கேட்கிறது: காசுக்காக ஆன்மாக்களை விடுவிக்க முடியுமென்றால், அன்பினால் போப் எல்லோரையும் விடுவிக்காதது ஏன்? கூர்மையான கேள்வி. இருந்தாலும் லூத்தர் பாவத்தைச் சின்னதாக்கவில்லை. மனிதன் முழுவதுமே பாவி, அவனால் எதையும் ஈடுகட்ட முடியாது என்று அதைப் பெரிதாக்கினார். வசூலிப்பவர் போய்விட்டார், மன்னிப்பை மட்டும் தொடர்ந்து கடவுளிடமே கேட்டார்கள்.

கத்தோலிக்கத் திருச்சபையும் தன்னைத் திருத்திக்கொண்டது. 1567-இல் ஐந்தாம் பயஸ் பணத்தோடு இணைந்த பலன்களை ரத்து செய்தார். 1967-இல் ஆறாம் பவுல், நாள், வருடக் கணக்கை எடுத்துவிட்டார். தண்டனை முழுவதையும் நீக்கும் பரிபூரண பலன் இன்றும் உண்டு. நவம்பர் 1 முதல் 8 வரை கல்லறைக்குப் போய் இறந்தோருக்காக வேண்டுவது தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கும் தெரிந்ததுதான். பணம் போனது நல்லதே. ஆனால் பாதிக்கப்பட்டவரின் சம்மதத்தைக் கேட்கும் நிபந்தனை அந்தப் பலனுக்கு இன்றும் கிடையாது.

மதங்களுக்குள் யாருமே இதைக் கவனிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். யூதர்களின் மிஷ்னா நூல், யோமா பகுதியில், மனிதனுக்கு எதிரான பாவத்தை யோம் கிப்பூர் என்ற பாவ நிவிர்த்தி நாளும் போக்காது, முதலில் அந்த மனிதனைச் சமாதானப்படுத்து என்கிறது.

[திரையில்: 1552, செவில் நகரம்]

இன்னும் துல்லியமாகச் செய்தவர் ஸ்பானிய ஆயர் பார்த்தலோமே தெ லாஸ் காசாஸ். பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருக்களுக்கு அவர் எழுதிய விதிகள் 1552-இல் செவிலில் அச்சாயின. அமெரிக்கப் பூர்வகுடிகளின் உழைப்பில் பணக்காரரான ஒருவர் பாவசங்கீர்த்தனத்துக்கு வந்தால், குரு உடனே கேட்கத் தொடங்கக் கூடாது. முதலில் நோட்டரியை வரவழைக்க வேண்டும். தன் சொத்து முழுவதையும் திருப்பிக் கொடுக்கக் குருவுக்கு அதிகாரம் அளித்து, வந்தவர் பத்திரம் எழுதித் தர வேண்டும். அடிமைகளை விடுவிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பாவசங்கீர்த்தனம்.

அயர்லாந்துப் பட்டியலிலும் மைன்ஸ் அறிவுரையிலும் இல்லாதது இதில் இருக்கிறது. சொத்து திரும்பியதா, அடிமை விடுதலையானாரா என்று யாரும் போய்ச் சரிபார்க்கலாம். கடவுள் மன்னித்தாரா என்று யாராலும் சரிபார்க்க முடியாது. இதன் முந்தைய வடிவத்தை 1545-இல், இன்றைய மெக்சிகோவில் உள்ள சியாபாஸின் ஆயராக இருந்தபோதே அவர் முயன்றார். அடிமைகளை வைத்திருப்பவர்களுக்குப் பாவமன்னிப்புத் தரக் கூடாது என்று குருக்களுக்கு உத்தரவிட்டார். அவருடைய பேராலயத்தின் தலைமைக் குருவே அதை மீறினார், குடியேறிகள் கொதித்தெழுந்தார்கள். 1547-இல் லாஸ் காசாஸ் ஸ்பெயினுக்குக் கப்பலேறினார். அந்த மறைமாவட்டத்துக்கு அவர் திரும்பவே இல்லை.