பேரைச் சொல்லி ஒரு பூசை

வணக்கம் நேயர்களே. நவம்பர் 2, கல்லறைத் திருநாள். நாலு நாள் முன்பே மண்வெட்டியும் சுண்ணாம்பு வாளியுமாகப் போய்ப் புல்லைச் செதுக்கி, சிலுவைக்கு வெள்ளையடித்து, அன்று சாயங்காலம் பூவும் மெழுகுவர்த்தியுமாகக் கல்லறை பக்கத்திலேயே நிற்கிறோம், சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்துவிட்டுப் போகிறார். சரி, அப்புறம்? அடுத்த நவம்பர் வரை அவர்களை யார் நினைப்பது? அதைப் பேசத்தான் வந்தேன்.

இந்த நாளை ஏற்படுத்தியவர் பிரான்சில் க்ளூனி மடத்தின் தலைவராக இருந்த புனித ஒதிலோ, ஏறத்தாழ 1000 ஆண்டுகளுக்கு முன். ஆனால் இறந்தவர்களுக்காகப் பூசையில் வேண்டிக்கொள்வது அதைவிட மிகப் பழையது. ஆதித் திருச்சபையில் இறந்தவர்களின் பெயர்களைப் பலகையில் எழுதிவைத்துப் பூசையிலேயே வாசித்தார்கள்.

387ஆம் ஆண்டு, ரோமுக்குப் பக்கத்தில் ஓஸ்தியா துறைமுகம். ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறக் காத்திருந்த இடத்தில் புனித மோனிக்கா காய்ச்சலில் விழுந்தார், அவருக்கு 56ஆம் வயது நடந்துகொண்டிருந்தது. ஊரில் கணவரின் கல்லறைக்குப் பக்கத்திலேயே தனக்கும் இடம் தயார்செய்து வைத்திருந்தவர் அவர். அன்னிய மண்ணிலா அம்மா சாக வேண்டும் என்று ஒரு மகன் கலங்கியபோது, இந்த உடம்பை எங்கே வேண்டுமானாலும் புதையுங்கள், நீங்கள் எங்கே இருந்தாலும் ஆண்டவருடைய பீடத்தில் என்னை நினைத்துக்கொள்ளுங்கள், அது போதும் என்றார். பீடத்தில் என்றால் பூசையில். இதை எழுதிவைத்தவர் இன்னொரு மகன், புனித அகுஸ்தீன். படிப்பவர்கள் எல்லாரும் பீடத்தில் தன் அம்மா மோனிக்காவையும் அப்பா பத்ரீசியுஸையும் நினைக்க வேண்டும் என்று கடவுளிடம் மன்றாடியும் எழுதினார். எவ்வளவு பெரிய மறைவல்லுநர்! தாய்க்காக நம்மிடம் கையேந்தி நிற்கிறார்.

அதனால் கேட்கிறேன், கல்லறைக்குப் பளிங்கு பதிப்பது உங்கள் விருப்பம், ஆனால் அப்பா அம்மா இறந்த நாளில் ஒரு பூசைக் கருத்துக் கொடுங்கள், அதாவது அவர்கள் பெயரைச் சொல்லிப் பூசை வைக்கச் சாமியாரிடம் கேளுங்கள், கொடுத்துவிட்டு நீங்களும் போய் உட்காருங்கள். வெளியூரில், வெளிநாட்டில் இருந்து கல்லறைக்கு வர முடியாதவர்களுக்கும் ஒரு குறையும் இல்லை, பீடம் எல்லா ஊரிலும் இருக்கிறது. பூசையின் நடுவில் சாமியார் சொல்லும் முதலாம் நற்கருணை மன்றாட்டில் இறந்தவர்களை நினைக்கும் இடம் வந்ததும் அவர் கைகுவித்துச் சற்று நேரம் மௌனமாக இருப்பார், கவனித்திருப்பீர்கள். அந்த மௌனத்தில் நான் என் அம்மா பெயரைச் சொல்வேன், கூடவே மோனிக்கா, பத்ரீசியுஸ் என்றும் சொல்லிக்கொள்வேன்.