பதிவிறக்கிய பாடத்தை மாற்றி எழுதலாமா? பள்ளிகளுக்கான இலவச டிஜிட்டல் பாடப்பொருட்கள்

[திரையில்: ஓர் இயற்பியல் பாடக் கோப்பு மெல்ல நகர்ந்து கடைசிப் பக்கத்தில் நிற்கிறது.]

வணக்கம். ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பாடப்பொருட்களுக்கு இன்று பஞ்சமே இல்லை. பாடநூல், காணொளி, செய்முறை மாதிரி, வினாத்தொகுப்பு என எல்லாம் குவிந்து கிடக்கின்றன. ஆயினும் வளரும் நாடு ஒன்றில், புத்தகங்கள் போதாத ஒரு பள்ளியின் ஆசிரியர், பாடத்தைப் படித்துப் பார்ப்பதற்கு முன்பே பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. கோப்பின் தொடக்கத்திலோ கடைசியிலோ சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும் உரிமக் குறிப்பே அது. அந்தப் பாடத்தை வைத்து அவர் என்னென்ன செய்யலாம் என்பதை அந்த ஓரிரு வரிகளே தீர்மானிக்கின்றன.

காசு கொடுக்காமல் பார்க்க முடிகிற எல்லாமே திறந்த பாடம் ஆகிவிடாது. படியெடுக்கவும், திருத்தவும், மொழிபெயர்க்கவும், திருத்தியதை மற்றவர்களுக்கு வழங்கவும் முன்கூட்டியே அனுமதி தரப்பட்டிருந்தால்தான் அதைத் ‘திறந்த கல்வி வளம்’ என்கிறோம். 2002-ஆம் ஆண்டு பாரிஸில் யுனெஸ்கோ நடத்திய கூட்டம் ஒன்றில் இந்தப் பெயர் புழக்கத்துக்கு வந்தது. அதே ஆண்டின் இறுதியில், எளிய மொழியில் அனுமதி வழங்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களும் வெளியாயின.

இந்த உரிமங்களில் நான்கு நிபந்தனைகள் வெவ்வேறு சேர்க்கைகளில் வருகின்றன. மூலத்தின் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்பதில் எவருக்கும் சிரமம் இல்லை. திருத்தியதையும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும் என்பதும் பள்ளிகளைப் பொறுத்தவரை தொல்லை தருவதில்லை. வணிக நோக்கம் கூடாது என்ற நிபந்தனை சற்றுக் குழப்பமானது. பள்ளி கேட்டுக்கொண்டபடி அச்சகம் கூலி வாங்கிக்கொண்டு நகல் எடுத்தால் அது வணிகமா என்ற வழக்கே அமெரிக்காவில் நடந்து, பள்ளிகள் அவ்வாறு நகல் எடுத்துக்கொள்ளலாம் என்று 2018-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உண்மையில் கையைக் கட்டிப்போடுவது நான்காவது நிபந்தனைதான்: மாற்றக்கூடாது.

[திரையில்: வெப்பப் பாடத்தின் ஒரு பத்தி, அருகில் அறையைச் சூடேற்றும் சுவர்க் கருவியின் படம்.]

குளிர்நாட்டில் எழுதப்பட்ட வெப்பப் பாடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சூடான காற்றோ நீரோ நகர்ந்து வெப்பத்தைக் கொண்டுசெல்லும் வெப்பச் சலனத்துக்கு அது தரும் உதாரணம், அறையைச் சூடேற்றும் சுவர்க் கருவி. ஆண்டு முழுவதும் வெயில் அடிக்கும் ஊரில் வளரும் மாணவன் அந்தக் கருவியைக் கண்டதே இல்லை. அவனுக்கு முதலில் உதாரணத்தை விளக்கி, அதன் பிறகு சலனத்தை விளக்க வேண்டியிருக்கும். அந்த ஒரு பத்தியை நீக்கிவிட்டுக் கடற்காற்றைப் பற்றி எழுதலாம் என்று ஆசிரியர் நினைத்தால், மாற்றத்துக்குத் தடையுள்ள உரிமத்தின்கீழ் அவர் திருத்திய பாடத்தைப் பக்கத்துப் பள்ளிக்குக்கூட அனுப்ப முடியாது. மொழிபெயர்ப்பும் மாற்றமாகவே கொள்ளப்படுவதால் அதற்கும் இதே நிலைதான்.

உரிமம் ஒரு புத்தகத்தின் பயணத்தை எப்படி வடிவமைக்கிறது என்பதற்குத் தென்னாப்பிரிக்காவில் நல்ல சான்று இருக்கிறது. 2002-இல் கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் மார்க் ஹார்னர் முதலிய இளம் இயற்பியலாளர்கள், பள்ளிகளுக்கான அறிவியல் பாடநூல்களை எழுதி இலவசமாக வழங்கும் முயற்சியைத் தொடங்கினர். தன்னார்வலர்கள் பலர் சேர்ந்து எழுதிய அந்த நூல்கள் பின்னர் சியாவுலா என்ற அமைப்பின்கீழ் வளர்ந்தன. 2012-இல் அந்நாட்டின் அடிப்படைக் கல்வித் துறையே அவற்றை அச்சிட்டுப் பள்ளிகளுக்கு வழங்கியது. இணையத்தில் பிறந்த நூல் பெரும்பாலான மாணவர்களின் கைக்குக் காகிதமாகவே போய்ச் சேர்ந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். டிஜிட்டல் பாடம் என்றாலே கைக்கணினி என்று எண்ணிப் பணம் ஒதுக்கும் அதிகாரிகள் இதையும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

அந்த நூல்கள் இரண்டு வடிவங்களில் வெளிவந்தன. நிதியளித்த நிறுவனங்களின் சின்னங்களைத் தாங்கிய வடிவத்தை எவரும் படியெடுக்கலாம், ஆனால் மாற்றக்கூடாது. சின்னங்கள் இல்லாத வடிவத்தை எவரும் எப்படியும் திருத்திக்கொள்ளலாம். புரவலர்களின் பெயருக்கும் ஆசிரியர்களின் தேவைக்கும் ஒருசேர இடம் தந்த இந்த ஏற்பாடு, நான் அறிந்தவற்றுள் மிகவும் நடைமுறைக்கு உகந்தது.

காமன்வெல்த் நாடுகளில் தொலைநிலைக் கல்வியை வளர்க்கும் காமன்வெல்த் ஆஃப் லேர்னிங் அமைப்பு வேறொரு வழியைக் கையாண்டது. போட்ஸ்வானா, லெசோத்தோ, நமீபியா, சீஷெல்ஸ், டிரினிடாட் டொபேகோ, ஜாம்பியா ஆகிய ஆறு நாடுகளின் ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்து, இடைநிலை வகுப்புப் பாடங்களை அவர்களையே எழுதவைத்தது.

[திரையில்: கூரையில் சூரியத் தகடு, உள்ளே ஒரு சிறிய பெட்டிக் கணினி, சுற்றிலும் மாணவர்கள்.]

அடுத்து இணைப்பு. உலக அளவில் கீழ்நிலை இடைநிலைப் பள்ளிகளில் 50 சதவீதமும், மேல்நிலைப் பள்ளிகளில் 65 சதவீதமும் மட்டுமே இணைய இணைப்புப் பெற்றவை என்கிறது யுனெஸ்கோவின் 2023-ஆம் ஆண்டுக் கல்விக் கண்காணிப்பு அறிக்கை. ஆகவே இணையம் இல்லாமலே இயங்கும் ஏற்பாடு பல பள்ளிகளுக்கு அடிப்படைத் தேவையாகிறது. கொலிப்ரி என்ற இலவச மென்பொருள் இதற்கென்றே உருவானது. இணைப்புள்ள ஓரிடத்தில் பாடங்களைச் சிறிய கணினி ஒன்றில் இறக்கிக்கொண்டு வந்து வகுப்பறையில் வைத்தால், அதுவே சர்வராகச் செயல்படும். மாணவர்களின் கருவிகள் உள்ளூர் வைஃபை வழியாக அதனோடு இணைந்துகொள்ளும். வெளியுலக இணைப்பு தேவையில்லை. விக்கிப்பீடியாவை இதுபோல் முழுமையாக இறக்கிவைத்துக்கொள்ளக் கிவிக்ஸ் என்ற மென்பொருள் உதவுகிறது.

ஆய்வகம் இல்லாத பள்ளிகளுக்கு ஃபெட் (PhET) எனப்படும் உருவகப்படுத்தல்கள், அதாவது சோதனைகளைத் திரையில் செய்து பார்க்கும் கணினி மாதிரிகள், பெரும் துணையாக இருக்கின்றன. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திட்டம் இது. மின்சுற்றுப் பாடத்துக்கான மாதிரியில் மாணவி ஒரு மின்கலத்தையும் விளக்கையும் கம்பியால் இணைக்கிறாள், விளக்கு எரிகிறது. இரண்டாவது விளக்கைத் தொடரிணைப்பில் சேர்த்தால் இரண்டும் மங்குகின்றன. பக்க இணைப்பில் சேர்த்தால் மங்குவதில்லை. மின்கலத்தின் இரு முனைகளையும் வெறும் கம்பியால் நேரடியாக இணைத்துவிட்டால் திரையில் தீப்பற்றுகிறது. உண்மையான ஆய்வகத்தில் எந்த ஆசிரியரும் அனுமதிக்காத இந்தச் சோதனையை மாணவர்கள் சலிக்காமல் செய்து பார்ப்பார்கள். இத்தகைய மாதிரியை ஒரே கோப்பாக இறக்கி, பென் டிரைவில் எடுத்துச் சென்று, இணையமின்றி உலாவியில் இயக்கலாம். திரையில் தோன்றும் சொற்கள் தனியே பிரித்து வைக்கப்பட்டிருப்பதால், நிரல் எழுதத் தெரியாதவரும் அதைத் தம் மொழிக்கு மாற்ற முடிகிறது.

மொழியைப் பொறுத்தவரை நிலைமை ஏமாற்றம் அளிப்பதாகவே உள்ளது. திறந்த கல்வி வளங்களுக்காகப் பலரும் நாடும் ஓஇஆர் காமன்ஸ் என்ற இணைய நூலகத்தில் 92 சதவீதம் ஆங்கிலத்திலேயே இருப்பதாக யுனெஸ்கோவின் அதே அறிக்கை குறிப்பிடுகிறது. இதைச் சரிசெய்யத் தேவைப்படுவது மென்பொருளைவிட ஆசிரியரின் நேரம். வாரம் முழுவதும் பாடவேளைகள் நிரம்பிய ஒருவரிடம், இரவில் உட்கார்ந்து பாடத்தை மொழிபெயர்த்து, சொந்த நாட்டின் பாடத்திட்டத்தோடு பொருத்தி, படங்களின் விளக்கங்களையும் மாற்றித் தருமாறு ஊதியமின்றிக் கேட்பது நியாயமன்று. கருவி வாங்கும் நிதியில் ஒரு பங்கை இந்தப் பணிக்கு ஒதுக்கினால், அந்தக் கருவி பழுதான பிறகும் பாடம் பயன்பாட்டில் இருக்கும்.

[திரையில்: திருத்திய பாடத்தின் அடிக்குறிப்பு, வரி வரியாகத் தோன்றுகிறது.]

திருத்தி முடித்தவர் அதை வெளியிடும்போது மூலப் பாடத்தின் தலைப்பு, அதை எழுதியவர், அது கிடைத்த இடம், அதன் உரிமம் ஆகிய நான்கையும் குறிப்பிட வேண்டும். தாம் எதை மாற்றினார், எந்த மாதத்தில் மாற்றினார் என்பதையும் ஒரு வரியில் சேர்த்துவிட்டால், அடுத்த ஆண்டு பாடத்திட்டம் மாறும்போது எங்கே கைவைக்க வேண்டும் என்பது அடுத்தவருக்கு விளங்கும். பிடிஎஃப் கோப்போடு நிறுத்திக்கொள்ளாமல், திருத்தக்கூடிய மூலக் கோப்பையும் உடன் இணைத்துவிடுங்கள். உரிமம் அனுமதித்தாலும் பிடிஎஃப்பில் ஒரு வாக்கியத்தை மாற்றுவதற்குள் பாதிப் பேர் அந்த முயற்சியையே கைவிட்டுவிடுகிறார்கள்.