பாலித் தீவில் கோயில் திறக்கும் மடை

வணக்கம் நண்பர்களே. காலை ஆறரை மணி. பாலித் தீவின் தம்பாக்சிரிங் ஊரில் ஒரு வரப்பின்மேல் நின்று பேசுகிறேன். பின்னால் சலசலவென்று கேட்பது வாய்க்கால் தண்ணீர். அது கேட்கட்டும், இன்றைய பேச்சே அதைப் பற்றித்தான்.

இந்தத் தண்ணீர் மேட்டில் இருக்கும் தீர்த்த எம்புல் கோயிலிலிருந்து வருகிறது. 962-ஆம் ஆண்டில் எழுந்த கோயில் என்கிறார்கள். நேற்று மாலை அங்கே போயிருந்தேன். அடியில் கரிய மணலைக் கிளப்பிக்கொண்டு ஊற்று பொங்குகிறது. பக்கத்துக் குளத்தில் கல் தூம்புகள் வரிசையாக நீரைக் கொட்டுகின்றன. இடுப்பளவு நீரில் நின்று, ஒவ்வொரு தூம்புக்கும் கைகூப்பித் தலையை நீட்டுகிறார்கள். அந்தக் குளத்தை விட்டு இறங்கும் நீர்தான் இந்த வாய்க்காலில் ஓடி, இந்த நெல்லுக்குப் பாய்கிறது. பாலி மக்கள் தங்கள் மதத்தை 'ஆகம தீர்த்த' என்று சொல்வதுண்டு. ஆகமம், தீர்த்தம் என்று பிரித்துப் பாருங்கள், இரண்டுமே நம் வாயில் புழங்கும் சொற்கள்.

கேமராவைக் கீழே இறக்குகிறேன். வாய்க்காலின் குறுக்கே ஒரு மரக்கட்டை கிடக்கிறது, தெரிகிறதா? மேல்விளிம்பில் இரண்டு வெட்டுகள். ஒன்று அகலம், ஒன்று குறுகல். இதற்குத் தெமுகு என்று பெயர். வெட்டின் அகலம்தான் அவரவர் பங்கு. மழைக்காலத்தில் இரண்டு பக்கமும் கூடும், வறண்ட காலத்தில் இரண்டு பக்கமும் குறையும், விகிதம் மட்டும் மாறாது. பக்கத்தில் மூங்கில் கம்பின்மேல் ஒரு குட்டி மாடம். உள்ளே குருத்தோலைத் தட்டில் பூவும் ஒரு சிட்டிகைச் சோறும். வயலுக்குள் தண்ணீர் நுழையும் வாயில் இப்படி ஒரு மாடம் வைப்பது இவர்கள் வழக்கம். அந்த இடத்திலிருந்து கோயில்கள் படிப்படியாகப் பெரிதாகிக்கொண்டே மேலே போகின்றன: மடைக்கு ஒன்று, அணைக்கு ஒன்று, ஊற்றுக்கு ஒன்று, மலையேரிக்கு ஒன்று.

ஒரு வாய்க்காலில் பாசனம் செய்யும் விவசாயிகளின் கூட்டமைப்புக்குச் சுபாக் என்று பெயர். தீவு முழுவதும் சுமார் 1,200 சுபாக்குகள் இருக்கின்றன. எப்போது நாற்று விடுவது, எப்போது நிலத்தைத் தரிசாகப் போடுவது என்பதை இவர்கள் தண்ணீர்க் கோயிலில் கூடித் தீர்மானிக்கிறார்கள். அதற்கு 210 நாள் கொண்ட தனி நாள்காட்டியே உண்டு.

நான் கடைமடைக் கிராமத்தில் பிறந்தவன். அதனால் இங்கே வந்ததும் என் மனத்தில் எழுந்தது ஒரே கேள்வி. தலைமடைக்காரர் கடைமடைக்காரருக்கு ஏன் தண்ணீர் விட வேண்டும்? சாமிக்குப் பயந்தா?

காரணம் பூச்சி. எல்லாரும் ஒன்றாக நட்டு ஒன்றாக அறுத்துத் தரிசு போட்டால், பரந்த வெளியில் பூச்சிக்குத் தின்ன எதுவும் இருக்காது, அழிந்துவிடும். ஆளுக்கு ஒரு நாளில் நட்டால் அது வயல் விட்டு வயல் தாவிப் பிழைத்துக்கொள்ளும். ஆனால் எல்லாரும் ஒரே நாளில் நட்டால் தண்ணீர் போதாது. கடைமடைக்காரருக்குத் தண்ணீர்க் கவலை, தலைமடைக்காரருக்குப் பூச்சிக் கவலை. கீழே தண்ணீர் விட்டால்தான் கீழே இருப்பவரும் தன்னோடு சேர்ந்து நட முடியும், பூச்சியும் மேலே ஏறி வராது. இரண்டு கவலைக்கும் நடுவே எத்தனை சுபாக்குகள் சேர்ந்து நட வேண்டும் என்ற அளவைத்தான் கோயில் பிடித்து வைத்திருக்கிறது. இதைப் புரிந்துகொண்டபோது இந்த வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

1970-களில் பசுமைப் புரட்சி இங்கே வந்தது. நம் ஊரில் போட்ட அதே ஐ.ஆர்.8 ரக நெல்தான். கோயில் முறையைப் பார்க்காதீர்கள், முடிந்த அளவு தொடர்ந்து நடுங்கள் என்றது அரசு. சில ஆண்டுகளுக்குள் புகையான் பூச்சி வயல் வயலாகத் தின்றது. அதைத் தாங்கும் ஐ.ஆர்.36 வந்தது, அதற்குத் துங்ரோ நோய் விழுந்தது. பழைய முறைக்கே திரும்ப விடுங்கள் என்று விவசாயிகள் மன்றாடினார்கள்.

1980-களின் பிற்பகுதியில் ஸ்டீபன் லான்சிங் என்ற மானுடவியலாளரும் ஜேம்ஸ் கிரெமர் என்ற சூழலியலாளரும் இரண்டு ஆறுகளின் 172 சுபாக்குகளைக் கணினிக்குள் மாதிரியாக அமைத்துப் பார்த்தார்கள். தனித்தனியாக நட்டாலும் விளைச்சல் குறைவு, எல்லாரும் ஒரே நேரத்தில் நட்டாலும் குறைவு. கோயில்கள் வகுத்திருந்த அளவை ஒட்டி, குழுக்குழுவாகச் சேர்ந்து நட்டபோதுதான் விளைச்சல் கூடியது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபமும் வரும், பெருமையும் வரும். நூற்றாண்டுகளாகக் கண்ணெதிரே நடந்த வேலை, கணினி சொன்ன பிறகுதானே பலருக்கு வேலையாகத் தெரிந்தது!

நாளை பத்தூர் ஏரிக்குப் போகிறேன். அங்கே ஏரித் தேவியான தேவி தனுவின் கோயில் இருக்கிறது. 1926-இல் எரிமலை வெடித்து, கீழே இருந்த ஊரையும் கோயிலையும் நெருப்புக் குழம்பு மூடியது. மக்கள் மேலே மலைவிளிம்பில் மீண்டும் கட்டினார்கள். அதன் தலைமைப் பூசாரியை ஜெரோ கெடே என்கிறார்கள். புதிய வாய்க்கால் வெட்டவோ தண்ணீர்த் தகராறைத் தீர்க்கவோ அவரிடம் போவது வழக்கம்.

2012-இல் யுனெஸ்கோ இந்தச் சுபாக் நிலப்பரப்பில் சுமார் 19,500 ஹெக்டேரை உலகப் பாரம்பரியத்தில் சேர்த்தது. நாம் நிற்கும் பக்கெரிசான் ஆற்றுப் பகுதியும் அதில் அடக்கம். ஆனால் தீவின் தெற்கே வயல்களை விற்று வில்லா கட்டிக்கொண்டே போகிறார்கள். நடுவில் ஒரு வயல் வீடானால் அதற்குக் கீழே இருக்கும் வயல்களுக்குப் போகும் வாய்க்கால் அறுபடும், சேர்ந்து நடவும் ஆள் குறையும். அந்தக் கவலையோடுதான் இந்த வீடியோவை எடுக்கிறேன்.

கொஞ்சம் பொறுங்கள், வயலுக்குச் சொந்தக்காரர் வருகிறார். தோளில் மண்வெட்டி, கையில் ஓலைத் தட்டு. படம் எடுக்கலாமா என்று நேற்றே கேட்டு வைத்தேன், தலையசைத்தார்.

மாடத்தில் பழைய பூவை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கிறார். ஊதுவத்தி ஏற்றுகிறார். இப்போது குனிந்து, மடையில் அடைத்திருந்த சேற்றைக் கையாலேயே வழித்தெடுக்கிறார். தண்ணீர் உள்ளே போகிறது, பாருங்கள். நான் நிற்கும் இடமும் நனையப்போகிறது, அடுத்த வரப்புக்கு நகர்கிறேன்.