வாழைக்காய்க்கு யார் பெருக்கல் குறி போட்டது?

நேயர்களுக்கு வணக்கம்.

மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடித்து வீடு திரும்பும் பெண்ணின் கையில் ஒரு தாளைக் கொடுத்து அனுப்புவார்கள். எண்ணெயைக் குறைக்கவும், காய்கறியைக் கூட்டவும், தினமும் நடக்கவும். அந்தத் தாள் பிரிட்ஜ் மேல் போய் உட்காரும். அதன்மேல் கரண்ட் பில் வரும், கல்யாணப் பத்திரிகை வரும், அவ்வளவுதான். உணவு ஆலோசகராக எனக்கும் அந்தத் தாளுக்கும் பல வருடத் தகராறு. இன்று அதை அமெரிக்காவில் வைத்துப் பேசுகிறேன். ஏனென்றால் அங்கே தாளையும் அடுப்பையும் நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்திருக்கிறார்கள்.

லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பெண்களை அங்கே லத்தீனா என்கிறார்கள். அமெரிக்காவில் அவர்களின் உயிரைப் பறிக்கும் புற்றுநோய்களில் முதலிடம் மார்பகப் புற்றுநோய்க்கு. சிகிச்சையில் தப்பித்தவர்களுக்கும் அடுத்த கவலை காத்திருக்கிறது. எடை ஏறும், அதோடு சர்க்கரை, இதயக் கோளாறு. சர்க்கரை நோய் அந்தச் சமூகத்தில் ஏற்கெனவே அதிகம்.

நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹெதர் கிரீன்லீ குழுவினர் ஓர் ஆய்வு செய்தார்கள். ஸ்பானிஷில் 'கோசினார் பாரா சு சலுத்' என்று பெயர். உங்கள் ஆரோக்கியத்துக்காகச் சமையுங்கள் என்று அர்த்தம். சிகிச்சை முடித்த 70 பெண்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு எழுத்தில் அறிவுரை, அதாவது நம்முடைய அதே தாள். இன்னொரு பாதிக்கு 12 வாரத்தில் 9 வகுப்புகள், மொத்தம் 24 மணி நேரம். எல்லாம் ஸ்பானிஷில். சமைத்தார்கள், சாப்பிட்டார்கள், சேர்ந்து கடைக்குப் போய்ச் சாமான் வாங்கவும் பழகினார்கள்.

அந்தப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ வளாகம் இருக்கும் வாஷிங்டன் ஹைட்ஸ், டொமினிக்கன் குடியரசிலிருந்து வந்தவர்கள் நிறைந்த இடம். மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது அந்தப் பக்கத்தில் ஒரு அம்மாவின் சமையலறையில் நிற்க எனக்கு வாய்த்தது. அந்த ஆய்வில் இருந்தவர் இல்லை, சிகிச்சை முடித்த இன்னொருவர். அவருக்கு எங்கேயோ கொடுத்த தாளில் சோற்றுக்கும் வாழைக்காய்க்கும் பெருக்கல் குறி. "அப்புறம் நான் என்னதான் சமைக்க?" என்றார். கேள்வி நியாயமா இல்லையா, நீங்களே சொல்லுங்கள்.

காலையில் அவர்கள் செய்வது மங்கூ. பச்சை வாழைக்காயைத் தோல் சீவி உப்புத் தண்ணீரில் வேகவைத்து, வெந்த தண்ணீரிலேயே கொஞ்சம் விட்டு மசிக்கிறார்கள். மேலே வினிகர் சேர்த்து வதக்கிய வெங்காயம். நான் சாப்பிட்டுப் பார்த்தேன், பச்சை மிளகாய் ஒன்று கிள்ளிப் போட்டிருந்தால் நம் வீட்டுப் பதார்த்தம்தான்! சரி, இதில் என்ன குற்றம்? வேகவைத்த காய். வம்பு பக்கத்தில் இருக்கிறது. பொரித்த சீஸ், பொரித்த சலாமி, பொரித்த முட்டை. வாழைக்காயும் மத்தியானம் வேறு அவதாரம் எடுக்கும். வில்லை போட்டுப் பொரித்து, தட்டால் அழுத்தித் தட்டையாக்கி, மறுபடி பொரிப்பார்கள். பெருக்கல் குறி போட்டவர் அந்தச் சமையலறைக்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்திருந்தால் வாழைக்காயை விட்டுவிட்டு எண்ணெய்ச் சட்டியைப் பற்றிப் பேசியிருப்பார்.

ஆய்வுக்கு வருகிறேன். ஆறு மாதம் கழித்து, சமையல் வகுப்புக்குப் போனவர்கள் தினமும் சுமார் இரண்டு தடவை பரிமாறும் அளவு காய் பழம் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். தாள் வாங்கியவர்களிடம் மாற்றமே இல்லை. திரும்பவும் சொல்கிறேன், தாள் வாங்கியவர்களிடம் மாற்றமே இல்லை. அடித்துச் சொல்லும்படி எடை குறைந்ததா என்றால் இல்லை, அதையும் மறைக்கக் கூடாது.

இன்னொன்று. காய்கறி தின்றால் புற்றுநோய் திரும்பாது என்று வாட்ஸ்அப்பில் யாராவது அனுப்பினால் நம்பாதீர்கள். அமெரிக்காவில் 3,000-க்கும் மேற்பட்ட பெண்களை ஏழு வருடத்துக்கும் மேல் கவனித்த ஒரு பெரிய ஆய்வின் முடிவு 2007-இல் வந்தது. கொழுப்பைக் குறைத்து ஏராளமாகக் காய் பழம் சாப்பிட்ட குழுவிலும் நோய் திரும்பிய கணக்கு மற்றக் குழுவைப் போலத்தான் இருந்தது. நல்ல சாப்பாடு உடம்பைத் தேற்ற. அதை மருந்தாக்கி, போட வேண்டிய மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள், நேரம் நெருங்கிவிட்டது. உடற்பயிற்சியைப் பற்றி வேகமாகச் சொல்லிவிடுகிறேன். லாஸ் ஏஞ்சலஸில் மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடித்த 100 பெண்களை வைத்து 16 வாரப் பயிற்சி ஆய்வு ஒன்று நடந்தது. அவர்களில் பாதிக்கு மேல் லத்தீனா பெண்கள். வாரம் மூன்று நாள், பயிற்சியாளர் கண்ணெதிரில், நடையும் எடைப் பயிற்சியும். பயிற்சி செய்த குழுவில் இடுப்புச் சுற்றளவு, ரத்தக் கொதிப்பு, சர்க்கரை எல்லாம் நன்றாக இறங்கின.

"அக்குளில் கட்டி எடுத்த கை, கனம் தூக்காதே" என்று வீட்டில் எல்லாரும் பயமுறுத்துவார்கள். பேரக்குழந்தையைத் தூக்கவே அஞ்சும் பாட்டிகள் உண்டு. மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பிறகு ஏற்கெனவே கை வீங்கியிருந்த 141 பெண்களை வைத்துப் பென்சில்வேனியாவில் செய்த ஆய்வு 2009-இல் வெளியானது. பயிற்றுநர் கற்றுக்கொடுக்க, கைக்கு இறுக்கமான உறை மாட்டி, வாரம் இரண்டு தடவை, சிறிய எடையில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். வீக்கம் கூடவில்லை, திடீரென்று முற்றித் தொல்லை கொடுப்பதும் குறைந்தது. இதைக் கேட்டுவிட்டு நாளைக்கே தண்ணீர்க் குடத்தைத் தூக்காதீர்கள். முதலில் பிசியோதெரபிஸ்டிடம் கையைக் காட்டிக் கேளுங்கள்.

நடனப் பயிற்சிகளைப் பற்றியும் குறித்து வைத்திருந்தேன், நேரமில்லை. நன்றி, வணக்கம்.